கிணற்றடியில் ஓர் எண்ணெய் எஞ்சின்

திண்டுக்கல் நகரின் நடுவே உயர்ந்து நிற்கும் பாறைக் கோட்டையின்மேல் ஏறி நின்று நோக்குவோமாயின், தென்கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனி மலைத்தொடரும் நீல நிறமாய்த் தோன்றும். அவற்றிற்கிடையே பரந்து கிடப்பது செம்மண் சமவெளி. குடகனாறு இச்சமவெளியின் வழியே வடக்கு நோக்கிச் சென்று அமராவதியோடு கலக்கிறது. ஆயினும் அவ்வாற்றில் நீர் பெருகி ஓடும் நாட்கள் சிலவே. ஆகவே இங்குள்ள உழவர் பெரிதும் நம்பியிருப்பது கிணற்றையே. கடும்பாறையை வெடிவைத்துத் தகர்த்துத் தோண்டிய அகன்ற கிணறுகள் அவை. முற்காலத்தில் எருதுகளைப் பூட்டிக் கமலை கட்டி நீர் இறைத்தனர். பின்னர்க் கமலை போயிற்று. எண்ணெய் எஞ்சின் வந்தது. மின்சாரம் ஊர்தோறும் பரவிய பிறகு எஞ்சின்களுட் பல ஓய்வு பெற்றன. எனினும் மின் இணைப்புக் கிட்டாத கிணறுகளிலும், மின்சாரம் தடைப்படும் வேளைகளிலும் அதற்கு இன்னும் வேலை உண்டு.

சித்திரை மாதத்துக் காலைப்பொழுது ஒன்றை மனக்கண்ணால் காண்போம். பாத்திகளில் சின்ன வெங்காயம் காய் திரளும் பருவம். இரண்டு நாள் நீர் தவறினால் தாள் வாடி விளைச்சல் குன்றிவிடும். முதல்நாள் மாலைதான் எஞ்சினைக் கழற்றிப் பழுது பார்த்தனர். எண்ணெய்த் தொட்டியைக் கழுவினர், வடிகட்டியை மாற்றினர், எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றிக் கரியைச் சுரண்டி மீண்டும் பூட்டினர். பழுது பார்க்குமுன் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், பழுது பார்த்தபின் ஓட மறுக்கிறது! ஆள் மாற்றி ஆள் கைப்பிடியைச் சுழற்றுகின்றனர். வியர்வை வழிகிறதேயன்றி எஞ்சின் உயிர்பெறவில்லை.

"தம்பி, நீ நேற்று இதைத் தொடாமல் இருந்திருந்தால் இந்நேரம் தண்ணீர் பாய்ந்திருக்குமே!" என்று தோட்டக்காரர் நொந்துகொள்கிறார்.

"உண்மைதான் மாமா. அதனால்தான் நான் தொட்ட இடங்களை மட்டும் முதலில் பார்க்கப் போகிறேன்" என்கிறான் பழுது பார்த்த இளைஞன்.

இளைஞன் கூறியது வெறும் சமாதானம் அன்று. நேற்றுவரை நன்றாக ஓடிய பொறியில் ஓர் இரவுக்குள் புதிய நோய் தோன்றுவது அரிது. கழற்றிய இடத்திலோ, பூட்டிய இடத்திலோ, பூட்ட மறந்த இடத்திலோதான் குறை இருத்தல் வேண்டும். ஆனால் அதனைக் கண்டறிய, அந்த எஞ்சின் எவ்வாறு ஓடுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் பிளக் ஒன்று உண்டு. டீசல் எண்ணெயால் ஓடும் எஞ்சினில் அது கிடையாது. தீப்பொறியின்றி எண்ணெய் எவ்வாறு பற்றுகிறது? சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள், அது சுடும். காற்றை விரைந்து நெருக்கினால் அது சூடேறும் என்பதற்கு அதுவே சான்று. எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும்போது, உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. அப்பொழுது அதன் வெப்பம் 500 பாகை சென்டிகிரேடுக்கும் மேல் உயர்கிறது. சரியாக அத்தருணத்தில் நாசில் எனப்படும் தெளிப்பானின் நுண்துளை வழியே எண்ணெய் புகைபோலத் தூவப்படுகிறது. தூவிய நொடியிலேயே பற்றிக்கொள்கிறது.

இம்முறையை வகுத்தவர் ருடால்ப் டீசல் என்னும் செருமானியப் பொறியாளர். 1858-ஆம் ஆண்டு பாரிசு நகரில் பிறந்த அவர், 1893-இல் தம் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1897-இல் ஆக்சுபர்க்கு நகரில் அவருடைய எஞ்சின் செவ்வனே ஓடிக் காட்டிற்று. 1913-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது அவர் இரவில் கடலில் மறைந்துபோனார். அவருடைய பெயரோ இன்று எண்ணெய்க்கே பெயராய் நிலைத்துவிட்டது. நிமிடத்துக்கு 600 சுற்று, 650 சுற்று என நிதானமாகச் சுழலும் கனத்த எஞ்சின்களை இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனத்தார் செய்தனர். அதே அமைப்பிலான எஞ்சின்கள் பின்னர் நம் நாட்டில் ராஜ்கோட் நகரில் பெருமளவில் செய்யப்பட்டன. பூனாவை அடுத்த கிர்க்கியில் கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்சின் நிறுவனம் 1946-இல் தோன்றிற்று.

ஆகவே டீசல் எஞ்சின் ஓடுவதற்கு வேண்டியவை சிலவே. எண்ணெய் வரவேண்டும்; காற்று நன்கு நெருக்கப்பட வேண்டும்; இரண்டும் உரிய தருணத்தில் கூட வேண்டும். இவற்றுள் எது தவறினும் எஞ்சின் ஓடாது.

முதலில் எண்ணெயைப் பார்ப்போம். தொட்டியின் குழாயைத் திறக்க மறந்துவிட்டுக் காலை முழுவதும் கைப்பிடியைச் சுழற்றியவர்கள் உண்டு. இதனைக் கேட்டு நகைத்தல் எளிது. ஆயினும் தேர்ந்த தொழிலாளரும் முதலில் தொட்டுப் பார்ப்பது அக்குழாயைத்தான். எஞ்சினை நிறுத்தும் நெம்புகோல் நிறுத்திய நிலையிலேயே இருக்கிறதா என்பதையும் உடனே பார்த்துவிடுவர். இவை இரண்டும் சரியாக இருந்தால், ஐயம் ஏற்படவேண்டியது குழாய்க்குள் புகுந்த காற்றின் மீது.

எரிவதற்குக் காற்று இன்றியமையாதது. ஆனால் எண்ணெய்க் குழாய்க்குள் அக்காற்றே பகையாகிறது. ஊசி நீக்கிய மருந்துக் குழல் ஒன்றில் நீரை நிரப்பி, வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள், தண்டு அசையாது. நீருக்குப் பதிலாகக் காற்றை வைத்து அழுத்துங்கள். தண்டு உள்ளே செல்லும், விட்டால் திரும்பி வரும். எஞ்சினிலும் இதுவே நிகழ்கிறது. நாசிலின் உள்ளே ஓர் ஊசியை வலிய சுருள்வில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எண்ணெயின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு ஆகும்போதுதான் அவ்வூசி மேலெழுந்து எண்ணெய்க்கு வழிவிடும். குழாயில் ஒரு சிறு காற்றுக் குமிழி இருந்தாலும் போதும். பம்பு தள்ளும் தள்ளெல்லாம் அக்குமிழியை நெருக்குவதிலேயே கழிந்துவிடும். பம்பு பின்வாங்கும்போது குமிழி மீண்டும் விரியும். ஊசியோ அசையாது. ஆயிரம் முறை சுழற்றினாலும் ஒரு துளி எண்ணெய் உள்ளே செல்லாது. தொட்டியைக் கழுவி வடிகட்டியை மாற்றியபோது குழாய் முழுவதும் வெறுமையாயிற்று அல்லவா? அப்பொழுது புகுந்த காற்று தானே வெளியேறுவதற்கு வழியில்லை.

அதனைக் கையாலேயே வெளியேற்ற வேண்டும். தொழிலாளர் இதனை 'ஏர் எடுத்தல்' என்பர். தொட்டியின் குழாயைத் திறந்துவைத்து, வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சிறிதே தளர்த்தினால், நுரையும் குமிழியுமாய் எண்ணெய் வடியும். குமிழி நின்று தெளிந்த எண்ணெய் வந்ததும் திருகை இறுக்க வேண்டும். அடுத்து எண்ணெய்ப் பம்பின் திருகு. இறுதியில் நாசிலுக்குச் செல்லும் குழாயின் மரை. தொட்டியிலிருந்து நாசிலை நோக்கி முறையாகச் செல்லுதல் வேண்டும். முன்பின்னாகச் செய்தால், வெளியேற்றிய இடத்திற்கே காற்று மீண்டும் வந்து சேரும். எல்லாம் இறுக்கிய பின் சக்கரத்தைச் சுழற்றினால், ஒவ்வொரு தள்ளுக்கும் நாசில் 'கிர்ர்' என்று ஒலிக்கும். அவ்வொலி கேட்டால் எண்ணெய் உள்ளே பாய்கிறது என்று கொள்ளலாம். அனுபவம் உடையோர் அதைக் கேட்ட பிறகே வேட்டியை வரிந்து கட்டுவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாசிலைக் கழற்றி வெளியே வைத்துச் சோதிக்கும்போது அதன் எதிரே கையை நீட்டலாகாது. அத்துணை அழுத்தத்தில் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்துத் தசைக்குள் புகுந்துவிடும். வெளியே காண்பது முள் குத்தியது போன்ற ஒரு புள்ளியே. உள்ளேயோ தசை அழியத் தொடங்கும். வலி இல்லையென்று வாளாவிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

எண்ணெய் வந்தும் எஞ்சின் ஓடவில்லையாயின், புகைபோக்கியை நோக்க வேண்டும். சுழற்றும்போது புகையே இல்லையெனில் எண்ணெய் இன்னும் உள்ளே சேரவில்லை. வெண்புகை வந்தால், எண்ணெய் சென்றும் பற்றவில்லை என்பது பொருள். அதாவது காற்றுக்குப் போதிய நெருக்கம் இல்லை. அப்பொழுது வால்வைத் தூக்கிப் பிடிக்கும் நெம்புகோலை இறக்கிவிட்டுச் சக்கரத்தை மெல்ல உருட்டிப் பார்க்க வேண்டும். காற்று நெருங்கும் இடத்தில் சக்கரம் சுருள்வில்லில் மோதியதுபோல் எதிர்த்துப் பின்வாங்க வேண்டும். தடையின்றி வழுவழுவென்று உருளுமாயின் காற்று எங்கோ கசிகிறது. தலைப்பகுதியின் மரைகளை ஒருபுறம் மட்டும் இறுக்கியிருக்கலாம். வால்வுக்கும் அதனை அமுக்கும் கோலுக்கும் இடையே விடவேண்டிய மயிரிழை இடைவெளியை விடாமல் வால்வு மூடாதிருக்கலாம். காற்றே உள்ளே புகாதிருத்தலும் உண்டு. தூசி விழாதிருக்கக் காற்றுக் குழாயின் வாயில் அடைத்த கந்தைத் துணியை எடுக்க மறந்திருப்பார்கள்!

எண்ணெயும் நெருக்கமும் சரியாக இருந்தும் ஓடாத எஞ்சின் சற்றுத் தொல்லை தருவது. திண்டுக்கல் பூட்டைப் பற்றி அறியாதவர் இரார். 2019-இல் புவிசார் குறியீடும் பெற்ற கைத்தொழிற் பொருள் அது. அப்பூட்டினுள் அடுக்கிய தகடுகளுள் ஒன்றை இடம் மாற்றிப் பூட்டினால், எந்த உறுப்பும் உடையாதிருந்தும் உரிய சாவிக்கே பூட்டு திறக்காது. எஞ்சினின் பற்சக்கரங்களும் அவ்வாறே. பிஸ்டனை இயக்கும் தண்டு இருமுறை சுழலும்போது வால்வுகளை இயக்கும் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். எந்தப் பல் எந்தப் பல்லோடு சேரவேண்டும் என்பதற்குச் சக்கரங்களில் அடையாளம் பொறித்திருப்பார்கள். பற்சக்கரங்களைக் கழற்றியவர் ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டால் எண்ணெய் காலந் தவறித் தூவப்படும். தலைப்பகுதியை மட்டும் கழற்றியிருந்தால் இவ்விடத்தில் கை வைக்க வேண்டியதில்லை. கழற்றாத உறுப்பைச் சினத்தினால் கழற்றத் தொடங்கினால், ஒரு குறை இரண்டாகும்.

கடலிற் செல்லும் விசைப்படகுகளிலும் இருப்பது டீசல் எஞ்சினே. இந்தியாவும் நார்வேயும் 1952-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பொருத்தும் பணி நடந்தது. கிணற்றடி எஞ்சினுக்கும் படகு எஞ்சினுக்கும் ஒரு வேற்றுமையைச் சொல்ல வேண்டும். கிணற்றடியில் தொட்டி உயரத்தில் இருக்கும், மரை தளர்ந்தால் எண்ணெய் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். படகிலோ தொட்டி பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருக்கும். பம்பு எண்ணெயை உறிஞ்சி மேலேற்றும். அங்கு மரை தளர்ந்தால் எண்ணெய் சொட்டாது, காற்று உள்ளே உறிஞ்சப்படும், அடையாளமே இராது. கரையில் ஓடிய எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட, படகு காற்று அடித்த திசையில் ஒதுங்கும். ஆதலின் பழுது பார்த்த படகைத் துறைமுகத்துக்குள்ளேயே நெடுநேரம் ஓட்டிப் பார்த்த பிறகே கடலுக்குச் செலுத்துவர்.

கிணற்றுக்கும் தனக்கென ஓர் இடர் உண்டு. பம்பு நீரை உறிஞ்சும் உயரத்துக்கு இயற்கை ஓர் எல்லை வகுத்திருக்கிறது. நடைமுறையில் அது ஏழு மீட்டர் அளவே. கோடையில் நீர் கீழே இறங்க இறங்க, எஞ்சினையும் கிணற்றினுள் உள்ள பாறைத் திட்டில் இறக்கிவைப்பது உண்டு. எஞ்சின் கக்கும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு கலந்திருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டமற்ற கிணற்றுக்குள் அது தேங்கினால், அங்கே குனிந்து வேலை செய்பவர் தலை சுற்றி விழுவார்; அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஆகையால் கிணற்றுக்குள் எஞ்சினை வைத்துப் பழுது பார்த்தலும் ஓட்டிப் பார்த்தலும் தவறு. மேலே ஏற்றி வைத்தே செய்ய வேண்டும்.

நம் இளைஞன் நாசில் மரையைத் தளர்த்திச் சக்கரத்தைச் சுழற்றுகிறான். நுரைத்த எண்ணெய் வருகிறது. பின்பு குமிழி வருகிறது. பின்பு தெளிந்த எண்ணெய் வருகிறது. மரையை இறுக்குகிறான். தோளில் தொங்கும் துண்டு சக்கரத்தில் சிக்காதபடி அதனை எடுத்து வரப்பில் வைக்கிறான். வால்வு நெம்புகோலைத் தூக்கிவிட்டு, கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் ஒரே புறமாக வைத்துக் கைப்பிடியைப் பற்றுகிறான். எஞ்சின் எதிர்த்துத் தள்ளினால் கைப்பிடி விரலை முறிக்காமல் வழுவிச் செல்லும். சக்கரம் விரைவு பெற்றதும் நெம்புகோலை இறக்குகிறான். ஒருமுறை இருமல்; ஒரு வளையம் புகை; பிறகு சீரான முழக்கம்.

"மாமா, பத்து நிமிடம் ஓடட்டும். ஆறியபின் தலை மரைகளை மறுபடியும் ஒருமுறை இறுக்க வேண்டும்" என்கிறான்.

தோட்டக்காரர் மண்வெட்டியுடன் வாய்க்காலுக்குப் போய்விட்டார். முதல் பாத்தியின் மடை திறந்தாயிற்று.