தாம்பரத்துல ஏறு... தரங்கம்பாடியில காத்து வாங்கு!

உங்க கேங்கோட ‘கோவா பிளான்’ இப்போ எந்த நிலைமையில இருக்கு? ஃபர்ஸ்ட் இயர்ல ஆரம்பிச்சு, பாண்டி பஜார்ல கூலிங் கிளாஸ் வாங்குற வரைக்கும் போய், ஒருத்தன் வீட்ல ‘நோ’, இன்னொருத்தன் பர்ஸ்ல ‘நோ’ன்னு ஆகி, கடைசியில பெசன்ட் நகர் பீச் பஜ்ஜியோட முடிஞ்சிருக்குமே? கவலையை விடுங்க. கோவா அங்கேயேதான் இருக்கும். அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு ரயில் டிரிப் அடிக்கலாம் வாங்க!

நுங்கம்பாக்கத்துல ஜெர்மன் கிளாஸ் போற ஃபிரெண்ட் யாராவது இருந்தா, ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ பத்திக் கேட்டுப் பாருங்க. 2023 மே மாசம் 49 யூரோவில் ஆரம்பிச்ச மாதாந்திர பாஸ் அது. 2026 ஜனவரியில் 63 யூரோ ஆச்சு. சூப்பர்ஃபாஸ்ட் வண்டிகளில் ஏற முடியாது. ஆனா, ஊர் ஊரா நின்னு போற ரயில், டவுன் பஸ், டிராம்னு நாடு முழுக்கச் சுத்தலாம். அங்கே படிக்கிற நம்ம பசங்களுக்கு இது பெரிய வரம். பாம்பெர்க் மாதிரி குட்டி ஊர்ல இறங்கி, ஆத்தங்கரையில கால் நீட்டி உட்கார்ந்துட்டு, அடுத்த வண்டியில கிளம்பிடலாம்.

‘நமக்கு ஏது பாஸ் அந்தக் கொடுப்பினை?’ன்னு பெருமூச்சு விடாதீங்க. நம்மகிட்டே மெயின் லைன் இருக்கு!

விழுப்புரத்துல பாதை பிரியும். விருத்தாசலம் வழியா திருச்சிக்குக் குறுக்கே ஓடுறது கார்டு லைன். கடலூர், சிதம்பரம், சீர்காழி, மயிலாடுதுறை, கும்பகோணம்னு வளைஞ்சு நெளிஞ்சு தஞ்சாவூர் போறதுதான் மெயின் லைன். 19-ம் நூற்றாண்டுப் பாதை. விழுப்புரம் - மயிலாடுதுறை பகுதி 2010-ல்தான் மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதைக்கு மாறியது. சென்னையிலிருந்து தஞ்சாவூர் சுமார் 350 கிலோமீட்டர். அதுக்குள்ளே எத்தனை ஊர், எத்தனை ஆறு, எத்தனை கோபுரம்!

நாங்க செஞ்ச தப்பு

செகண்ட் இயர்ல நாங்க ஆறு பேர் இதே பக்கம் போனோம். ரெண்டு நாளில் நவக்கிரகக் கோயில் ஒன்பதும், கூடவே தஞ்சாவூரும்! வேன்ல ஏறு, இறங்கு, ஓடு. மத்தியானம் போய் நின்ன இடத்துல எல்லாம் நடை சாத்தியிருந்தது. டிரைவரோட சண்டை, எங்களுக்குள்ளே சண்டை. மூணு பேர் பேசாமலேயே ஊர் திரும்பினோம். கேமராவில் நிறைய போட்டோ இருந்தது, ஒண்ணுலயும் யாரும் சிரிக்கலை.

ஃபைனல் இயர் முடியுற நேரத்துல மறுபடி போனோம். இந்தத் தடவை ஒரே கண்டிஷன்... ஒரு நாளைக்கு ஒரு ஊர்!

ரூட் இதுதான்

முதல் நாள்: சிதம்பரம். காலையில் கிளம்புற சோழன் எக்ஸ்பிரஸ் மெயின் லைன் வழியாத்தான் போகுது. பகல் வண்டி என்பதால் ஜன்னல் சீட்தான் லாபம். மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும். ஸோ, சாப்பிட்டுத் தூங்குங்க. சாயங்காலம் நடராஜரைப் பார்த்துட்டு, நாலு வீதியையும் நடந்தே சுத்துங்க. ராத்திரி டிபனுக்கு கொத்சு கிடைச்சா விடாதீங்க. பிச்சாவரம் படகு சவாரி ஆசை இருந்தா, மறுநாள் தரங்கம்பாடியைத் தியாகம் பண்ணிடுங்க. ரெண்டும் வேணும்னு அடம் பிடிச்சா, எங்க செகண்ட் இயர் கதைதான்!

ரெண்டாம் நாள்: தரங்கம்பாடி. காலையில் மயிலாடுதுறைக்கு ரயில், அங்கிருந்து பஸ். ஒரு காலத்துல இதுக்கும் தனி ரயில் இருந்தது. 1926-ல் ஆரம்பிச்சு, 1980-களில் நிறுத்திட்டாங்க. டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்ட ஆரம்பிச்ச கோட்டை இன்னும் கடலைப் பார்த்துக்கிட்டு நிற்குது. நம்ம ஜெர்மன் கதைக்கும் இங்கே ஒரு லிங்க் இருக்கு. புல்ஸ்னிட்ஸ் என்கிற குட்டி ஊரில் பிறந்த சீகன்பால்க், 1706 ஜூலையில் இந்தக் கரையில் வந்து இறங்கினப்போ வயசு 23. கிட்டத்தட்ட உங்க வயசு! குழந்தைகளோட உட்கார்ந்து, மணலில் எழுதித் தமிழ் கத்துக்கிட்டார்னு சொல்வாங்க. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் இங்கேயே அச்சாகி வந்தது. அவர் படிச்ச ஹாலே நகரத்தில், இங்கிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் இன்னிக்கும் பத்திரமா இருக்கு.

மூணாம் நாள்: கும்பகோணம். டிகிரி காபியோட தொடங்குங்க. காவிரிக்கரையில் இருக்கிற அரசுக் கல்லூரியை எட்டிப் பாருங்க. கணித மேதை ராமானுஜன் அங்கேதான் படிச்சார். கணக்கைத் தவிர மத்த பாடங்களில் கோட்டை விட்டு, ஸ்காலர்ஷிப்பே பறிபோச்சு! அரியர் வெச்சிருக்கிறவங்க அந்த வாசலில் ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்க. சாயங்காலம் தாராசுரம். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில். ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தா, காலையில் சென்னை.

நோட் பண்ணுங்க!

* 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில்தான் நடுவுல இறங்கி ஓய்வெடுத்துட்டுப் போற ‘பிரேக் ஜர்னி’ உண்டு. இந்த ரூட் அதுக்குள்ளே அடங்கிடும். அதனால ஊருக்கு ஊர் தனித்தனி டிக்கெட் எடுங்க.

* ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடி திறக்கும். 120 நாள் கணக்கு 2024 நவம்பரோட போச்சு. போக, வர மட்டும் ரிசர்வ் பண்ணுங்க. நடுவுல உள்ள குட்டி தூரத்துக்கு சாதா டிக்கெட் போதும். ஆனா, அதை எடுத்து 3 மணி நேரத்துக்குள்ளே கிளம்பிடணும்.

* வண்டி எங்கே ஏறணும்னு டிக்கெட்டில் போர்டிங் பாயின்ட்டைப் பாருங்க. தி.நகர் பசங்க மாம்பலத்துலயும், அடையாறு பசங்க கிண்டியிலும் லோக்கல் பிடிச்சா தாம்பரம் போயிடலாம். மயிலாப்பூர்வாசிகளே, ‘எழும்பூர்ல ஏறிக்கலாம்’னு டிக்கெட் போட்டுட்டு தாம்பரத்துல போய் நிக்காதீங்க. உங்க சீட் வேற ஆளுக்குப் போயிடலாம்!

* ரூமை முன்கூட்டியே போன் பண்ணி உறுதி பண்ணிக்குங்க. கேர்ள்ஸ் கேங் என்றால், ராத்திரி லேட்டா இறங்குற மாதிரி வண்டியே வேண்டாம்.

* வீட்டில் பொய் சொல்லாதீங்க. ரூட், ரூம் விவரம், போன் நம்பர் எல்லாம் எழுதி அம்மா கையில் கொடுங்க. ‘கும்பகோணம்’னு சொன்னா பாதி பெர்மிஷன் கிடைச்ச மாதிரி. ‘சிதம்பரம்’னு சேர்த்தா, செலவுக்குக் கைக்காசும் கிடைக்கலாம்!

கடைசியா ஒண்ணு. அந்த ரெண்டாவது டிரிப்ல, தரங்கம்பாடியில் ஒரு மத்தியானம் முழுக்க எங்களுக்கு எந்த வேலையும் இல்லை. கோட்டை நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழிச்சு எங்க கேங்ல ஒருத்தன் மெதுவா சொன்னான், ‘டேய்... எனக்கு ஜெர்மனியில அட்மிஷன் கிடைச்சிருச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியலைடா’. ஒரு மாசமா மனசுக்குள்ளேயே வெச்சிருந்திருக்கான். வேன்ல ஓடிக்கிட்டிருந்தா அவன் வாயைத் திறந்திருக்கவே மாட்டான். நாங்களும் ‘என்னடா ஒரு மாதிரி இருக்கே?’ன்னு கேட்டிருக்க மாட்டோம். அதுக்கப்புறம் நாங்க ஆறு பேரும் ஒரே ஊர்ல சேர்ந்து இருந்ததே இல்லை.

உங்க கேங்லயும் யாராவது ஒருத்தர் எதையாவது சொல்லாம வெச்சிருக்கலாம். அதுக்கு ஒரு மத்தியானத்தை ஒதுக்குங்க. சரி, எப்போ டிக்கெட் போடுறீங்க?