ஏற்றத்தில் இழுக்காத வான்: ஈ.ஜி.ஆர். வால்வைப் பார்த்தீர்களா?

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டக் கடைகளுக்கு மாவும் சீனியும் பருப்பும் ஏற்றிச் செல்லும் நமக்கு வாகனம்தான் இரண்டாவது கடை. சம்பள வாரத்தில் வான் ஒரு நாள் கராஜில் நின்றால், அந்த ஓடர் வேறொருவர் கைக்குப் போய்விடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதிக்குத் தடை வந்தது. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய டீசல் வாகனங்களைக் கொண்டே சமாளித்தோம். இன்றும் பலரிடம் இருப்பது அவைதான்.

இவற்றில் அடிக்கடி தொல்லை தரும் ஒரு சிறு பாகம் ஈ.ஜி.ஆர். வால்வு. என்ஜின் வெளிவிடும் புகையில் ஒரு பகுதியை இது மீண்டும் உள்ளே அனுப்புகிறது. அதனால் எரியும் சூடு குறைகிறது; நுரையீரலைக் கெடுக்கும் நைதரசன் ஒக்சைட்டு வாயுவும் குறைவாக உண்டாகிறது. ஆனால் புகையிலுள்ள கரி, ஒயில் ஆவியோடு சேர்ந்து தார் போல வால்வில் படிகிறது. கடைக்குக் கடை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் சாமான் இறக்குவோருக்கு இது சீக்கிரம் வரும். ஏனெனில் சுமை குறைந்த வேளையில்தான் வால்வு அதிகம் திறந்திருக்கும்.

வால்வு திறந்தபடி இறுகினால் கறுப்புப் புகை வரும், ஏற்றத்தில் இழுவை குறையும், நின்ற இடத்தில் என்ஜின் நடுங்கும், செக் லைட் எரியும். ஆனால் இன்ஜெக்டர் பழுதானாலும் எயார் ஃபில்டர் அடைத்தாலும் இதே அறிகுறிகள் வரலாம். அவற்றையும் பார்த்த பிறகே வால்வுக்குக் காசு செலவழியுங்கள்.

என்ஜின் ஆறியதும் பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு வால்வை எடுக்க வேண்டும். கார்பரேட்டர் கிளீனர் அடித்து, ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்க்கலாம். மின் மோட்டார் பகுதி நனையக்கூடாது. ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டவும் கூடாது. மெனிபோல்ட் வாயிலுள்ள கரியையும் எடுத்து, புதிய கெஸ்கட் போட்டுப் பூட்டுங்கள். சில வாகனங்களுக்கு ஸ்கேனரில் மீளமைக்க வேண்டியிருக்கும். கழுவிய பின்பும் முழுதாக மூடாவிட்டாலோ, மோட்டார் செத்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். பஞ்சிகாவத்தையில் பழைய வால்வு வாங்குவோர் இலக்கத்தை ஒப்பிட்டு, இயக்கிப் பார்த்து வாங்குவது நல்லது.

“பிளேட் போட்டு அடைத்துவிடுவோம்” என்று சில பாஸ்மார் சொல்வார்கள். புகை குறையும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல வால்வு, முழு இழுவை தேவைப்படும் ஏற்றத்தில் தானாகவே மூடிக்கொள்ளும். அடைப்பதால் அங்கே கூடுதல் சக்தி எதுவும் கிடைக்காது. கம்பியூட்டர் உள்ள என்ஜினில் செக் லைட் எரியவும் இடமுண்டு. கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவோ கூடுகிறது. அதைச் சுவாசிப்பவர்கள் பாதையோர லயன்களில் வாழும் நம் வாடிக்கையாளர்களும் அவர்களது பிள்ளைகளும்தான்.

சாமான் இறக்கும்போது என்ஜினை அணையுங்கள். சர்வீஸ் செய்யும்போதெல்லாம் இந்த வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டின் கிளீனரும் ஒரு கெஸ்கட்டும், கைவிட்டுப் போகும் ஒரு நாள் வியாபாரத்தைவிட மலிவு.