உடம்பில் கட்டும் தூளி

ஊரில் ஒரு குழந்தை பிறந்தால் அதைத் தூக்குவதற்குக் கைகள் பல. பாட்டி மடியில் சிறிது நேரம், அத்தை தோளில் சிறிது நேரம், அடுத்த வீட்டுப் பெண்ணின் இடுப்பில் சிறிது நேரம் என்று அது வளர்ந்துவிடும். தில்லியில் மூன்றாம் மாடியில் தனித்துக் குடியிருப்போருக்கு அந்தக் கைகள் ஏது? ஆகவேதான் பேபி கேரியர் என்னும் துணிப்பை நம்மவர் இல்லங்களிலும் புகுந்திருக்கிறது. கேரியர் என்றதும் சோற்றடுக்கை நினைக்கும் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. சுளிக்க வேண்டுவதில்லை, உத்தரத்தில் கட்டும் தூளியை உடம்பில் கட்டிக்கொள்கிறோம், அவ்வளவே.

இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த வழக்கமும் அன்று. மிசோரம் மாநிலத் தாய்மார் புவான் என்னும் நெய்த துணியால் குழந்தையை முதுகில் கட்டிச் சுமப்பர். 1960-களில் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் தொண்டாற்றிய ஆன் மூர் என்னும் அமெரிக்கச் செவிலி, அங்குள்ள தாய்மாரைப் பார்த்துத்தான் வார் வைத்த பையொன்றை அமைத்தார். இன்றைய கேரியர்களுக்கு அது ஒரு முன்னோடி.

வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பிறகு பார்க்கலாம். கால்கள் எவ்வாறு அமர்கின்றன என்பதை முதலில் நோக்குக. ஒடுங்கிய பட்டையின் இருபுறமும் கால்கள் நேராகத் தொங்குமாயின் அப்பை வேண்டா. ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை துணி தாங்க வேண்டும். முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளை அமர்ந்தாற்போல் இருத்தல் நன்று. பச்சிளங் குழந்தைக்கு இடுப்பு மூட்டின் கிண்ணம் பெரும்பாலும் குருத்தெலும்பே. தொடையெலும்பின் தலை அதனுள் பொருந்தி இருந்தால்தான் கிண்ணம் செவ்வனே உருவாகும்.

மூச்சு அதனினும் பெரிது. எம் மகன் இரண்டு மாதக் குழந்தையாயிருந்தபோது, அவனை மார்பில் கட்டிக்கொண்டு தில்லி மெட்ரோ ரயிலில் சென்றோம். அவன் அயர்ந்து உறங்குகிறான் என்று மகிழ்ந்திருந்தோம். எதிரே புவான் உடுத்தி அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வந்தார். ஒன்றும் பேசாமல் அவன் முகவாயை விரலால் உயர்த்தினார். வார் தளர்ந்து, உடல் மடங்கி, முகவாய் மார்பில் அழுந்திக் கிடந்திருக்கிறது. நாம் அதைக் காணவே இல்லை. கைக்குழந்தையின் மூச்சுக்குழல் மெல்லியது. தலையைத் தானே நிமிர்த்த அதற்கு வலுவில்லை. இவ்வாறு மூச்சடைத்தால் அழுகையோ அசைவோ இன்றியே அடைத்துவிடும். அன்று எமக்குக் கை நடுங்கியது.

அன்றுமுதல் வாரை இறுக்கிக் கட்டினோம். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் குழந்தை இருக்க வேண்டும். முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முகவாய்க்கும் மார்புக்கும் இடையே இரு விரல் நுழைய வேண்டும். நான்கு மாதம் நிறையாத குழந்தைக்கு இதில் சிறிதும் அயர்தல் கூடாது. குறைமாதக் குழந்தையாயின், சளியால் மூச்சுத் திணறும் குழந்தையாயின், மருத்துவரைக் கேளாமல் கட்டவேண்டா. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் தோன்றிய கங்காரு முறையில் குறைமாதக் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைப்பது உண்மையே. ஆயின் அது மருத்துவமனையார் கற்பித்துத் தொடங்குவது. கடையில் வாங்கிய பை அதற்கு ஈடாகாது.

வடநாட்டுக் கோடையில் இருவர் உடற்சூடும் ஒன்றுசேரும் என்பதை மறவாதீர். மெல்லிய பருத்திப் பையும், குழந்தைக்கு ஒரே சட்டையும் போதும். குளிர்காலத்தில் சால்வையைப் பைக்கு வெளியே போர்த்துக. குழந்தையின் தலைக்குமேல் இழுத்து மூடவேண்டா. அடுப்படியிலும் ஸ்கூட்டரிலும் இப்பைக்கு இடமில்லை.

பிறர் பயன்படுத்திய பையானால் தையலையும் கொக்கிகளையும் இழுத்துப் பார்க்கவும். எடை வரம்பு பையிலேயே குறித்திருக்கும். முதல் நாள் குழந்தையை வைக்குமுன், ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு கட்டிலோரம் நின்று பழகுவது நல்லது. நாம் பழகியபோது அரிசி இருமுறை கீழே விழுந்தது.