சொந்த அஞ்சல்மனை

தம் கடிதங்கள் பிறர் மனையிற் கிடத்தலை விரும்பாதார் தமக்கெனவொரு மின்னஞ்சல் சர்வர் அமைத்துக்கொள்ளலாம். அதன்கண் பெறுதல் எளிது, அனுப்புதலே அரிது.

யான் வாடகைக்குக் கொண்ட சிறு சர்வரில், கடிதங்களை ஏற்கவும் விடுக்கவும் போஸ்ட்ஃபிக்ஸையும், அவற்றைக் காத்துக் கைப்பேசிக்கும் கணினிக்கும் ஒருங்கே காட்ட டவ்காட்டையும் நிறுவினேன். சீவ் என்னும் விதிமொழியால் கல்லூரிக் கடிதங்கள் ஓரறையிலும் விளம்பரங்கள் மற்றோரறையிலும் தாமே சென்றமைந்தன. இத்துணையும் இரண்டு மாலைகளில் முடிந்தது. சர்வர் ஒருநாள் உறங்கினும் கடிதம் கெடுவதில்லை. அனுப்புவோர் சர்வர் பெரும்பாலும் நான்கைந்து நாள்வரை மீண்டும் மீண்டும் முயலும்.

பின்னர் உதவிச்சம்பளம் வேண்டி யான் விடுத்த விண்ணப்பம், பெற்றவரது ஸ்பாம் அறையிற் கிடந்தது. தவணை கடந்தபின்னரே அஃதறிந்தேன். காரணம் என்னையெனின், என் ஐ.பி. எண்ணைக்கொண்டு தேடுவார்க்கு என் டொமைன் பெயர் கிட்டவில்லை. அப்பதிவைச் செய்தற்குரியார் சர்வரை வாடகைக்கு விட்டவரே; யான் கேட்டிலேன். இன்ன சர்வரே என் பெயரால் அனுப்பலாமென்னும் எஸ்.பி.எஃப். அறிவிப்பும், கடிதந்தோறும் பொறிக்கப்படும் டி.கே.ஐ.எம். முத்திரையும் என்பால் இல்லை. இவ்விரண்டில் ஒன்றேனும், அவ்வெண்பதிவும் அனுப்புவோர் யாவர்க்கும் வேண்டுமென ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் விதித்துளது.

இப்போது மூன்றும் உள. ஆயினும் விண்ணப்பங்களை மட்டும் கல்லூரி முகவரியினின்றே விடுக்கின்றேன்.