லினக்ஸ் கருநிரலில் பிழைத்திருத்தக் குறிப்பு மரபு

லினக்ஸ் கருநிரலில் பிழை நீக்கும் மாற்றக்குறிப்பு இரண்டினை விளக்க வேண்டும்: பயனருக்கு நேர்ந்த இடர் யாது, அப்பிழை எம்மாற்றத்தால் புகுந்தது. பின்னதற்கு ‘ஃபிக்ஸஸ்’ என்னும் தனிவரி உண்டு. பிழையைப் புகுத்திய மாற்றத்தின் 40 குறிகள் கொண்ட அடையாளத்தில் குறைந்தது முதல் 12 குறிகளும், அம்மாற்றத்தின் தலைப்பும் அதில் இடம்பெறும். விளக்கவுரை 75 எழுத்துகளுக்குள் மடிக்கப்படும். இவ்வரியை மடித்தல் கூடாது, நிரல்கள் இதனைத் தேடிப் படிக்கின்றன என்பதால். ‘பிழை திருத்தப்பட்டது’ என்று மட்டும் எழுதுவது, பாடவேறுபாட்டைச் சுட்டாது மூலத்தைத் திருத்தும் பதிப்பாசிரியரின் செயலை ஒத்தது. பழைய நிலைப்பதிப்புகளைப் பேணுவோர், அவற்றுள் எவற்றுக்குத் திருத்தம் தேவை என்பதை இவ்வரிகொண்டு துணிகின்றனர். ஆயினும் நிலைப்பதிப்பில் சேர்க்கக் கோரும் வரி தனியே வேண்டும். ‘ஃபிக்ஸஸ்’ வரி அதற்கு ஈடாகாது.