பாலம் வேண்டாத ஆறு

ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிட்னியின் நெரிசலான பேட்டைகளும், குவின்ஸ்லாந்தின் வடகிழக்குக் கரையில் காட்டுக்குள் கிடக்கும் கேப் டிரிபுலேஷனும் ஒரே பட்டியலில் வருகின்றன. இங்கே குடியிருப்போர் நூற்றுச் சொச்சம் பேர். கெய்ன்ஸ் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 140 கி.மீ. வந்தால் தார்ச்சாலை முடிந்துவிடும். அப்பால் ஜீப் மட்டுமே போகக்கூடிய மண்பாதை. வழியில் குறுக்கிடும் டெய்ன்ட்ரீ ஆற்றில் பாலம் கிடையாது. இரும்பு வடத்தைப் பிடித்து நகரும் படகில் வண்டியை ஏற்றித்தான் கடக்க வேண்டும். மின்கம்பியும் ஆற்றைத் தாண்டவில்லை. சூரியத் தகடும் டீசல் ஜெனரேட்டரும்தான் துணை. 1770-இல் கேப்டன் குக்கின் கப்பல் அருகே பவளப்பாறையில் மோதியது. அந்த எரிச்சலில் அவர் வைத்த பெயர் இது. இம்மண்ணின் கிழக்கு குக்கு யலாஞ்சி மக்களுக்கு இது குல்கி. இந்த இடத்தைக் காப்பாற்றியதில் சட்டத்துக்கு இருக்கும் பங்கைவிட அந்தப் பாலமில்லா ஆற்றுக்கு இருக்கும் பங்கு பெரிது என்பேன்.

நில அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். கடற்கரையை ஒட்டியே மலை எழுகிறது. தார்ன்டன் சிகரம் 1,374 மீட்டர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதில் முட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மி.மீ. மழையைக் கொட்டுகிறது. பனியுகங்களில் கண்டத்தின் பெரும்பகுதி வறண்டபோதும் இந்த மடிப்புகளில் ஈரம் தங்கியதால் பழைய தாவர இனங்கள் பிழைத்தன. 1971-இல் இப்பகுதியில் மாடுகள் சில காரணம் தெரியாமல் செத்தன. வயிற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரிய பெரிய விதைகள். அழிந்தேவிட்டதென நினைத்திருந்த இடியோஸ்பெர்மம் மரம் அப்படித்தான் மீண்டும் அகப்பட்டது. அதன் விதை கைப்பிடி அளவு, கனம், போதாததற்கு நஞ்சு. சுமந்து போய்ப் பரப்ப விலங்கு இல்லை; சரிவில் தானாக உருண்டால்தான் உண்டு. ஒரு பள்ளத்தில் அதை வெட்டிவிட்டால் பக்கத்துப் பள்ளத்திலிருந்து அது திரும்பி வராது. மலைக்கும் கடலுக்கும் இடையே மிஞ்சும் சமதளமோ ஒரு நாடா அகலம்தான்; வீடும் சாலையும் காடும் அதற்குத்தான் போட்டியிடுகின்றன.

உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியே போதுமே, ஆறு எதற்கு என்று கேட்கலாம். அந்தத் தகுதி 1988-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1980-களின் தொடக்கத்தில், ஆற்றுக்கு வடக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைகள் பிரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்துவிட்டன. 1983 டிசம்பரில் கேப் டிரிபுலேஷனிலிருந்து வடக்கே புளூம்ஃபீல்டுக்குப் பாதை வெட்ட புல்டோசர்கள் வந்தன. போராட்டக்காரர்கள் மறித்தும் மறு ஆண்டே பாதை திறந்துவிட்டது. பட்டியலில் சேர்ந்த பிறகும் தனியார் மனை தனியார் மனைதான். அரசு பலவற்றைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. மின்கம்பி வராத, நள்ளிரவோடு படகு நின்றுவிடுகிற ஊரில் வீடு கட்ட எல்லோரும் முண்டியடிக்க மாட்டார்கள் என்பதால்தான் திரும்ப வாங்க அவகாசமே கிடைத்தது.

இதற்கு வலுவான மறுப்பு அங்கே வாழ்பவர்களுடையது. வெளியூர்க்காரர் ரசிக்கும் காட்டுக்காக நடுராத்திரி நெஞ்சுவலி வந்தவர் கரையில் காத்திருப்பதா? நியாயமான கேள்வி, அழகைச் சொல்லி அதை மழுப்ப முடியாது. ஆனால் 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயல் கரைகடந்து, நகராமல் நின்று, சில இடங்களில் ஐந்து நாளில் இரண்டு மீட்டருக்கு மேல் மழை பெய்தபோது ஊரை வாரக்கணக்கில் துண்டித்தது எது? படகும் நின்றது, உண்மை. ஆற்றில் வெள்ளம் வடியும். சரிந்த மலை அப்படி வடியாது. நோவா மலைத்தொடரில் சாலையே பெயர்ந்து விழுந்தது. அது ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது. தெற்கே எவ்வளவு பெரிய பாலம் இருந்திருந்தாலும் அந்த மண்சரிவைத் தாண்ட உதவியிருக்காது.

பல்லாயிரம் ஆண்டு மனிதர் வாழ்ந்த காட்டை ஆளில்லாக் கன்னிக்காடு போலப் பேசுகிறீர்களே என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அப்படிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. 2021-இல் இங்குள்ள டெய்ன்ட்ரீ தேசியப் பூங்காவின் உரிமை குக்கு யலாஞ்சி மக்களிடம் திரும்பியது; நிர்வாகம் மாநில அரசோடு கூட்டாக. எனவே மனிதர் இருக்கலாமா என்ற வழக்கே இல்லை. ஒரு நாளில் எத்தனை வண்டி வரலாம், காசோவரிப் பறவை குஞ்சுகளோடு சாலையைக் கடக்கையில் எவ்வளவு வேகத்தில் வரலாம் என்பதே வழக்கு. படகு ஒரு நடைக்கு ஏற்றுகிற வண்டிகளுக்குக் கணக்கு உண்டு. ஆகவே பாலத்துக்கு ஆகக்கூடிய பணத்தை மலைச்சாலையின் சரிவுகளைத் தாங்கிக் கட்டவும், இரவு அவசரத்துக்குப் படகோட்டியையும் மருத்துவ ஹெலிகாப்டரையும் தயாராக வைக்கவும் செலவிடுவதே அந்த நூற்றுச் சொச்சம் பேருக்கு உதவும்.