இலவச லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போடுமுன்

“விண்டோஸ் 11 ஏறவே மாட்டேங்குதுங்க, இதை எடைக்குப் போட்டுடலாமா?” காஞ்சிபுரம் மாவட்டத் தென்னேரிப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் இப்படி யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். கையில் அரசு கொடுத்த லேப்டாப் இருக்கும். அவசரப்படாதீர்கள், டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்போம்.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வாங்கித் தந்த முதல் மெஷின்களில் ராம் 2 ஜிபிதான். விண்டோஸ் 7-உடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. விண்டோஸ் 11-க்கோ 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப், பழைய பயாஸுக்குப் பதில் வந்த யூஇஎஃப்ஐ எல்லாம் வேண்டும். தறியின் ஜக்கார்டு பெட்டியில் எத்தனை கொக்கி என்று பார்க்காமல் டிசைன் அட்டையை ஏற்றுவோமா? அப்படித்தான் இதுவும். குறுக்கு வழியில் சில மெஷின்களில் 11-ஐ ஏற்றிவிடலாம். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

அப்படியானால் வழி லினக்ஸ்தான். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபியிலும் ஓடும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் மெஷின் திறக்கும் வேகமே மாறிவிடும்.

இனி அடிக்கடி வரும் சிக்கல்கள். பென்டிரைவைச் செருகியும் பூட் மெனுவில் அது தெரியவில்லையா? பழைய பயாஸ் மெஷினுக்கு யூஇஎஃப்ஐ முறையில் பென்டிரைவ் தயாரித்திருப்பீர்கள். பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளில் எம்பிஆர் என்று மாற்றி மறுபடி எழுதுங்கள். விண்டோஸ் ஏற்றும்போது, டிஸ்க்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் இருப்பதால் முடியாது என்று வந்தால், பென்டிரைவை லெகசி (பழைய பயாஸ்) முறையில் பூட் செய்யுங்கள். டிஸ்க்கை அழித்து ஜிபிடி ஆக்கலாம் என்று யாராவது சொன்னால், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருஷத்துக்கே போகிறதா? போர்டிலுள்ள சின்ன சீமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறினால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது, அப்டேட்டும் இறங்காது. பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும். ஏற்றும் வேலை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ராமைச் சந்தேகப்படுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினால் தெரிந்துவிடும்.

எதற்கும் முன்னால் பிள்ளைகளின் சான்றிதழ், போட்டோ, சேலை டிசைன் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பிறகு லினக்ஸை ஏற்றாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் சத்தமும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தைரியமாக ஏற்றலாம்.